தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது டிராக்டர்

(வானொலி உரை)



சம்பா நடவும் வடகிழக்குப் பருவமழையும் நம்ம பக்கத்தில் கைகோத்துக்கொண்டுதான் வரும். நாற்று முற்றிக்கொண்டிருக்கும். நடவு ஆள் கிடைத்தது இன்றைக்குத்தான். வயலோ ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும். போய்ப் பார்த்தால் தரைப்பாலத்தின் மேல் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கார்காரர் திரும்பிவிடுவார், மோட்டார் சைக்கிள்காரரும் திரும்பிவிடுவார். டிராக்டர்காரர் மட்டும், "அதெல்லாம் சின்ன வண்டிங்க. நம்ம வண்டி போயிடும், ஏறுங்க" என்பார். இந்த வார்த்தை எங்கே சரி, எங்கே தப்பு என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

டிராக்டர் மேல் இப்படி ஒரு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பெங்களூரில் வெள்ளம் வந்தபோது, கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் காரை விட்டுவிட்டு டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனதை எல்லோரும் படத்தில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை டிராக்டர் வைத்து வெளியே கொண்டு வந்தார்கள். சேற்று உழவில் நாமே வருஷாவருஷம் தண்ணீருக்குள்தானே வண்டி ஓட்டுகிறோம்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கேயெல்லாம் இருந்தது நின்ற தண்ணீர், அடியில் இருந்தது தெரிந்த தரை. தெருவில் தேங்கிய தண்ணீர் வண்டியைத் தள்ளாது. வயலில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று நமக்கே தெரியும். தரைப்பாலத்தில் ஓடுகிற தண்ணீர் அந்த ஜாதியே இல்லை. பார்க்க ஒன்று போலத் தெரியும், வேலை வேறு.

ஏன் வேறு என்று கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

முதலில் எடை. கிணற்றில் வாளி இறைக்கும்போது, தண்ணீருக்குள் இருக்கிறவரை வாளியின் கனம் தெரியாது. மேலே வந்ததும்தான் கை இழுக்கும். டிராக்டருக்கும் அதே கதைதான். நம்மிடம் உள்ள நடுத்தர டிராக்டர் சுமார் 2 டன் எடை இருக்கும். பின் டயர் பெரும்பாலும் 13.6-28 அளவு, உள்ளே இருப்பது வெறும் காற்று. இரண்டு அடித் தண்ணீரில் அந்தச் சக்கரம் ஏறக்குறைய பாதி மூழ்கும். அப்போது இரண்டு பின் டயரும் சேர்ந்து சுமார் 300 கிலோ எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். அதாவது பின் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிற பலத்தில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடுகிறது. முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் போகும், ஸ்டியரிங் லேசாகும். தரைப்பாலத்தில் பாசி பிடித்திருந்தால் மீதிப் பிடியும் நம்பிக்கைக்கு உரியதில்லை.

அடுத்தது பக்கவாட்டுத் தள்ளு. தண்ணீர் ஒருவர் நடக்கிற வேகத்தில், அதாவது விநாடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது சுமார் 50 கிலோ பாரத்தோடு தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், நான்கு மடங்காகும். 200 கிலோ. வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு, 450 கிலோ. மழை கூடி ஆற்றின் வேகம் சற்று ஏறினாலே வண்டி மேல் விழும் பாரம் பல மடங்கு ஏறிவிடும். போதாததற்குச் செத்தை, முள், வாழைமரம் எல்லாம் மிதந்து வந்து சக்கரத்தில் அடைத்துக்கொண்டால், தண்ணீர் தள்ளுவதற்கு இன்னும் பெரிய சுவர் கிடைத்த மாதிரி.

சிலர் டயரில் தண்ணீர் நிரப்பி ஓட்டுகிறார்கள். அந்த வண்டிக்குத் தரைப்பிடி சற்றுக் கூடும், உண்மைதான். பக்கவாட்டுத் தள்ளு அதற்கும் குறையாது.

டிராக்டருக்கே இந்தக் கதி என்றால் பின்னால் கட்டிய டிரெய்லருக்குக் கேட்கவே வேண்டாம். டிராக்டரின் சக்கரமாவது இன்ஜின் பலத்தில் சுற்றுகிறது. டிரெய்லர் இழுபட்டு வருகிறதே தவிர, அதற்குச் சொந்தப் பிடி கிடையாது. தண்ணீர் டிரெய்லர் பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டுவிட்டால் அது தோணி மாதிரிதான். 10 அடி நீளம், 6 அடி அகலப் பெட்டி 10 சென்டிமீட்டர் மூழ்கினால், தண்ணீர் உள்ளே ஏறுகிறவரைக்கும் சுமார் 500 கிலோ மேல்நோக்கித் தூக்கும். டிரெய்லர் கீழ்ப்பக்கம் நழுவினால் டிராக்டரையும் சேர்த்து இழுக்கும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2024 ஆகஸ்ட் 25ஆம் தேதி, குஜராத் மாநிலம் மோர்பி மாவட்டத்தில் தவானா என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் தரைப்பாலத்தைக் கடந்த ஒரு டிராக்டரையும் டிரெய்லரையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 17 பேர் அதில் இருந்தார்கள். 10 பேரைக் காப்பாற்ற முடிந்தது. 7 பேர் வெள்ளத்தோடு போனார்கள். 2025 செப்டம்பர் 16ஆம் தேதி டேராடூனில், டோன்ஸ் ஆற்று நடுவே தொழிலாளர்களோடு சிக்கிய டிராக்டரைக் கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் புரட்டிவிட்டது. அவர்கள் எல்லோரும் நம்மைப் போல வேலைக்குப் போனவர்கள்தான்.

இப்போது நம்ம ஊர் நிலவரத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரை ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. நகரத்துக்குள் கிருஷ்ணா நகரில் தண்ணீர் ஏறி, ராணுவம் வந்து ஜனங்களை மீட்டது. அது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. ஆனால் டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம் மாவட்டம் அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. அந்த வெள்ளம் இறங்கி வந்து பாகூர் கொம்யூனின் கரையோரக் கிராமங்களையும் கடலூரையும் சூழ்ந்தது. வானம் வெளுத்த பிறகு வந்த வெள்ளம் அது!

நம் புதுச்சேரி ஒரே துண்டாக உள்ள ஊர் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைப்படி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. ஆறும் அப்படித்தான். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி வருகிறது. சங்கராபரணி செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி வில்லியனூர் வழியாக வருகிறது. நம் தலைக்கு மேல் மழை பெய்கிறதா என்று பார்ப்பது போதாது. மேலே அணை திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். கொமந்தான்மேடு தரைப்பாலத்தில் காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர், நடவு முடிந்து திரும்பும்போது இடுப்பளவு ஆகியிருக்கலாம். போனது சரி, திரும்புவது எப்படி என்பதையும் போகும்போதே யோசிக்க வேண்டும்.

ஆகவே முதல் விதி இதுதான். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடி, அடியில் தரை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் டிராக்டர் இறங்கக் கூடாது. ஆழம் எவ்வளவு என்று விவாதிக்கவே வேண்டாம். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே நிற்கிற ஆளைச் சாய்த்துவிடும், ஓரடி ஓடினால் சின்னக் காரை நகர்த்தும், இரண்டடி ஓடினால் பெரும்பாலான கார்களைத் தூக்கிக்கொண்டு போகும். பாலத்தின் கீழ்ப்பக்க விளிம்பை வெள்ளம் அரித்திருக்கும். அந்தப் பள்ளம் செந்தண்ணீரில் தெரியாது. நேற்று இருந்த பாலம் இன்றைக்கும் முழுசாக இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு?

"அப்படியென்றால் தண்ணீரிலேயே போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தேங்கி நிற்கிற, அடித்தரை நமக்குத் தெரிந்த தண்ணீரில் போகலாம். களத்துமேட்டு வழி, தெருத் தண்ணீர், வாய்க்கால் வழிந்து நிற்கிற பாதை, இப்படி. அதற்கும் அளவு உண்டு. ஆழம் தெரியாமல் இறங்கினால் நின்ற தண்ணீரும் உயிரைக் குடிக்கும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் சிக்கி ஒரு பெண் டாக்டர் இறந்தார்.

அந்த அளவை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். மழைக்கு முன் ஒருநாள், வண்டியைச் சமதரையில் நிறுத்தி டேப் பிடித்து அளந்து பாருங்கள். தரையிலிருந்து கிளட்ச் ஹவுசிங் அடிப்பாகம் எத்தனை உயரம், இன்ஜின் ஃபேன் இறக்கை கீழே வரும்போது எத்தனை உயரம், ஏர் கிளீனர் காற்று இழுக்கும் வாய் எத்தனை உயரம் என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இதில் மிகத் தாழ்வாக இருப்பது கிளட்ச் ஹவுசிங். நிறைய வண்டிகளில் அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். அந்த உயரத்தில் முன் சக்கரத்துக்குப் பக்கமாக வண்டியில் ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். ஒரு மூங்கில் கழியிலும் அதே உயரத்தில் கோடு போட்டு வண்டியிலேயே கட்டி வையுங்கள். தேங்கிய தண்ணீரில் முதலில் அந்தக் கழியை ஊன்றிப் பாருங்கள். தண்ணீர் கோட்டைத் தாண்டினால் வண்டி நிற்கட்டும். கோடு சொன்னால் கேட்க வேண்டும், கூட இருக்கிறவர் சொல்வதை அல்ல.

ஏன் அந்தக் கோடு? பெரும்பாலான டிராக்டர்களில் கிளட்ச் உலர்ந்த வகை. ஹவுசிங் அடியில் எண்ணெய் வடிவதற்கு ஒரு துளை இருக்கும். அந்த வழியாகத் தண்ணீர் ஏறினால் கிளட்ச் தட்டு வழுக்கும், இன்ஜின் சத்தம் போடும், வண்டி நகராது. சில கம்பெனி வண்டிகளுக்கு அந்தத் துளைக்கு மூடி கொடுத்திருப்பார்கள். சேற்று உழவுக்கு மூடியைப் போட்டால், வேலை முடிந்ததும் மறக்காமல் கழற்றிவிட வேண்டும். அதற்கு மேலே தண்ணீர் போனால் ஃபேன் தண்ணீரை வாரி இன்ஜின் மேல் முழுக்க இறைக்கும், இறக்கையே வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கலாம். ஏர் கிளீனர் வாய்வரை போனால் கதை முடிந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெரிய செலவு.

கோட்டுக்குக் கீழே உள்ள தண்ணீரில் ஓட்டும் முறையைச் சொல்கிறேன்.

டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது உத்தமம். வண்டியில் ஓட்டுகிறவர் ஒருவர்தான். மட்கார்டில் ஒருவர், பின்னால் கொக்கியில் ஒருவர் என்று தொற்றிக்கொண்டு போவதே கூடாது. இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட்டுவிடுங்கள். உழவுக்குக் கழற்றிய கொக்கி அப்படியே இருந்து, அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்று பள்ளத்தில் இறங்கும்.

இறங்கும் முன்பே முதல் அல்லது இரண்டாவது லோ கியரில் போட்டுவிடுங்கள். நடுவில் கியர் மாற்றக் கூடாது, கிளட்சை மிதிக்கவும் கூடாது. ஒரே சீராக, நடக்கிற வேகத்தில் போங்கள். வேகமாகப் போனால் முன்னால் அலை எழும்பி, நாம் அளந்த ஆழத்தைவிட உயரமாகத் தண்ணீர் அடிக்கும். சைலன்சருக்குள் தண்ணீர் போகிற அளவு ஆழம் என்றால் நாம் ஏற்கெனவே திரும்பியிருக்க வேண்டும். ஒரு வண்டி கரை ஏறிய பிறகுதான் அடுத்த வண்டி இறங்க வேண்டும். முன்வண்டி நின்றால் பின்வண்டியும் மாட்டிக்கொள்ளும் அல்லவா? நடுவில் சந்தேகம் வந்தால் வண்டியைத் திருப்ப முயல வேண்டாம், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் வாருங்கள். பவர் டில்லருக்கு இன்னும் குறைவான ஆழமே தாங்கும். அதோடு நாமும் தண்ணீரில் நடக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இத்தனை சொன்ன பிறகும், வேறு யாராவது ஓடும் தண்ணீரில் மாட்டிக்கொண்டதைப் பார்க்க நேரலாம். அப்போது செய்ய வேண்டியது: வண்டி நின்றுவிட்டால் இருக்கிறவர்கள் உடனே கீழே குதிக்க வேண்டாம். வண்டியின் உயரமான இடத்தில் ஏறிக்கொள்ளட்டும். வண்டிக்குக் கீழ்ப்பக்கம், அதாவது தண்ணீர் போகிற பக்கம், ஒருவரும் இறங்கக் கூடாது. வண்டி அவர்கள் மேலேயே புரளும். கரையில் இருப்பவர்கள் உடனே 112 அல்லது 1077 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நீந்தத் தெரியும் என்று யாரும் பாயாதீர்கள். கயிறு, நீளமான மூங்கில், காற்றடித்த பழைய டியூப், மூடிய காலி கேன் இவற்றைக் கரையிலிருந்து வீசுங்கள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளக் கூடாது, கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் கட்டிய கயிறு இறுகினால் தண்ணீர் ஆளை அடியில் அழுத்திவிடும். அடித்துக்கொண்டு போனால் மல்லாந்து, கால் முன்னாலே இருக்கும்படி மிதந்து, கரைப் பக்கமாகச் சாய்ந்து ஒதுங்கப் பார்க்க வேண்டும்.

வண்டி தண்ணீரிலிருந்து மீண்ட பிறகு ஒரு வார்த்தை. தண்ணீரில் மூழ்கி நின்ற இன்ஜினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். நின்றபோது கெடாத ராடு, ஸ்டார்ட் செய்யும்போது கெடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்றிய பிறகே தொட வேண்டும். இன்ஜின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் கம்பியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சூடான கியர் பாக்ஸ் சட்டென்று குளிர்ந்தால் காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரிரவு நிறுத்திவைத்து, அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும், ஏனென்றால் எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். கலங்கிய ஆயிலை மாற்றித்தான் ஆக வேண்டும். எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வருகிறவரை புது கிரீஸ் அடியுங்கள். டிரெய்லர் சக்கர பேரிங்கை மறந்துவிடாதீர்கள். ரோட்டில் ஏறியதும் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்துப் பார்த்த பிறகே வேகம் எடுக்க வேண்டும்.

கடைசியாக, அந்த நடவு விஷயம். நாற்று முற்றுகிறதே என்ற கவலைதானே நம்மைத் தண்ணீரில் இறக்குகிறது? நாலு நாள் தாமதமானால் நடவு கெட்டுப்போய்விடாது. முற்றிய நாற்றாக இருந்தால் குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று கூடுதலாக வைத்து, இடைவெளியைச் சற்று நெருக்கி நடலாம். தூர் கட்டுவது குறைந்தாலும் ஓரளவு சரிக்கட்டலாம். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்பதை உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில் கேட்டால் சொல்வார்கள். அக்கரையில் மாடு கட்டியிருப்பவர்கள், ஐப்பசி பிறக்கும் முன்பே அங்கே ஒரு வாரத்துக்கான வைக்கோலைப் போட்டுவைத்தால், வெள்ள நாளில் ஆற்றைக் கடக்க வேண்டிய அவசியமே வராது.

டிரெய்லரில் ஏறும் நடவுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. டிரெய்லர் மூட்டை ஏற்றும் வண்டி, ஆள் ஏற்றும் வண்டி இல்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சிக்கல். வெள்ளம் ஓடும் பாலத்துக்கு முன்னால் "நாங்க இறங்கிக்கிறோம் அண்ணே" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதலில் ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்களும் இறங்கிவிடுவார்கள். ஓட்டுகிறவரும் மனசுக்குள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்டி போனால் கடன் வாங்கியாவது வேறு வண்டி வாங்கலாம். ஒரு போகம் குறைந்தால் நவரையில் பார்த்துக்கொள்ளலாம். தரைப்பாலத்துத் தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிடும். அந்த இரண்டு நாள் கரையில் காத்திருப்போம்.